மே ஐந்தாம் தேதி பிறந்தவர்கள்

சம்சாத் பேகத்துக்குப் பிறந்த தேதி வைத்தவர் ஒரு தலைமை ஆசிரியர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, "பிள்ளை எப்ப பொறந்துச்சு?" என்று அவர் கேட்டார். குடை ரிப்பேர் செய்யும் அவள் அப்பா அசன் முகம்மது தாடியைத் தடவி யோசித்துவிட்டு, "தேரு தெரு முக்குல மாட்டிக்கிட்டு நகரமாட்டேன்னு நின்னுச்சுல்லா, அந்த வருஷம்" என்றார். தேர் மாட்டிக்கொள்ளாத வருஷம் எது என்று வாத்தியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அஞ்சு வயசு முடிஞ்சிருந்தாத்தான் சேக்க முடியும், பாய்" என்று சொன்னவர், அந்த அஞ்சு நாக்கிலேயே நின்றுவிட்டதாலோ என்னவோ, ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி என்று எழுதி மையை ஒற்றினார். அன்று முதல் சம்சாத் மே ஐந்தில் பிறந்தவள் ஆனாள்.

மழை பெய்தால்தான் அசன் முகம்மதுவுக்கு வேலை. மழையோ அவர் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. சும்மா இருக்கிற நேரத்துக்கு மகளை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போய், அவள் அடித்து முடிக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். தமிழில் லோயரும் இங்கிலீஷில் ஹையரும் பாஸாகி, எண்பத்து நாலாம் வருஷம் ராஜபாளையம் குருவம்மாள் மருத்துவமனையில் சம்சாத் வேலைக்குச் சேர்ந்தாள். மருத்துவமனையின் முதலாளியும் பெரிய டாக்டரும் வைகுண்டராஜ். தன் தாயார் பெயரையே மருத்துவமனைக்கு வைத்திருந்தார். குருவம்மாள் உயிரோடு, நல்ல திடகாத்திரமாக இருந்தார். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் "குருவம்மாள் நினைவு ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னார்கள். அந்த அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்று தன்னைக் காட்டிவிட்டுப் போவார்.

சம்சாத்துக்கு ரெக்கார்டு ரூமில் வேலை. நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை அடுக்கி வைப்பதும், கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும். ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அகலம் கோணலாகிக் கழித்துப்போட்ட சுருள்களை மருத்துவமனைக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துத்தான் கேஸ் ஷீட்டுகளைக் கட்டுவார்கள். அறைக்குள் நுழைந்தால், தலையிலும் காலிலும் கட்டுப்போட்ட ஆட்களை அலமாரி அலமாரியாகப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். கட்டை அவிழ்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது யாரென்று தெரியும்.

அதிலும் முத்து என்று தொடங்கும் பெயர்களுக்குத் தனி அலமாரி. முத்தாத்தாள், முத்துச்சாமி, முத்து முகம்மது, முத்துராமலிங்கம் எல்லோரும் அங்கே ஒன்றாகக் கிடந்தார்கள். அட்டெண்டர் மாரிசாமி அவசரத்தில் எந்த முத்துவையாவது உருவிக்கொண்டு ஓடுவான். அப்படித்தான் ஒருநாள், மூலத்துக்குக் காட்ட வந்த மில் மேனேஜர் முத்துராமலிங்கத்துக்கு முன்னால் முத்தாத்தாளின் கேஸ் ஷீட் போய் நின்றது. டாக்டர் தலையைத் தூக்காமலே, "கடைசிப் பிரசவம் சிக்கல் இல்லாம ஆச்சா?" என்று கேட்டார். மேனேஜர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டு போனவர்தான். மூலத்தை மதுரையில் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டார்.

அந்த வாரமே டாக்டர் கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தார். தொண்ணூற்று இரண்டாம் வருஷம் அது. கம்ப்யூட்டரை ராஜபாளையத்தில் சினிமாவில் பார்த்தவர்கள் உண்டு, நேரில் பார்த்தவர்கள் குறைவு.

லாரியில் ஏற்றினால் குலுங்கும் என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் மதுரைக்கு ஆம்புலன்ஸை அனுப்பினார். கம்ப்யூட்டர் ஸ்ட்ரெச்சரில் படுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் போட்டு வந்தது. பக்கத்தில் மாரிசாமி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பஸ் வழிவிடாததால் டிரைவர் சைரனைப் போட்டான். போட்டது நன்றாக இருந்ததால் அணைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் போலீஸ்காரர் எல்லா வண்டியையும் நிறுத்தி வழிவிட்டார். கூட்டத்தில் வண்டி மெதுவானபோது ஒரு பெரியவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததைக் கண்டு குரலைத் தாழ்த்தி, "யாருப்பா உள்ள?" என்று கேட்டார்.

"டாக்டருக்கு வேண்டியவக" என்றான் மாரிசாமி.

"ரொம்ப முடியலையோ?"

"இன்னும் கண்ணே முழிக்கல" என்று சொல்லும்போது வண்டி நகர்ந்துவிட்டது.

மருத்துவமனையில் குளிர்சாதனம் இருந்தது ஆபரேஷன் தியேட்டரிலும் ஸ்பெஷல் அறை ஒன்றிலும்தான். ஸ்பெஷல் அறையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். குருவம்மாள் வந்து பூஜை போட்டார். திரையின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். புது வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற வழக்கம். இதற்குச் சக்கரம் இல்லையே என்று யோசித்து, மேஜைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்து நசுக்கச் சொன்னார். மாரிசாமி மேஜைமேல் ஏறி நின்று பார்த்தும் பழம் சரியாக நசுங்கவில்லை. குருவம்மாள் வைத்ததை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லாததால் அது காய்ந்து கல்லாகும்வரை மேஜை ஆடிக்கொண்டே இருந்தது.

புரோகிராம் எழுதித் தந்தவன் மதுரைக்காரப் பையன் பொன்னுராஜ். டை கட்டியிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சம்சாத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். பெயர் அடித்தாள், ஊர் அடித்தாள். மூன்றாவது கட்டத்தில் பிறந்த தேதி கேட்டது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தாள். மிஷின் ஒரு கீச்சுச் சத்தம் போட்டு அங்கேயே நின்றது.

"பிறந்த தேதி அடிக்காம நகராதுங்க" என்றான்.

"கேஸ் ஷீட்ல வயசுதான் இருக்கு தம்பி."

"வயசு வருஷா வருஷம் மாறும். பிறந்த தேதி மாறாது. தேதியைக் கொடுத்தா வயசை அதுவே கணக்குப் போட்டுக்கும்."

"பொறந்த தேதி தெரியாதவங்களுக்கு?"

"பிறந்த தேதி தெரியாதவங்க இருப்பாங்களா?"

"ராஜபாளையத்துல பாதி. தேவதானத்துல முழுசும்" என்றாள் சம்சாத். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

"தப்பா அடிச்சுட்டா பொறவு திருத்திக்கலாமா?"

"பேரைத் திருத்தலாம், விலாசத்தைத் திருத்தலாம். பிறந்த தேதியை எதுக்குத் திருத்தணும்? ஒருத்தர் ரெண்டு தடவையா பிறக்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான். அடுத்த மாதம் பெங்களூருக்குப் போனான். அங்கிருந்து எங்கேயோ வெளிநாடு. அவனுடைய டெலிபோன் நம்பருக்கு அடித்தால் ஒரு ஐஸ் கம்பெனிக்காரர் எடுத்தார்.

தேவதானத்திலிருந்து வந்த கருத்தம்மாளோடுதான் சம்சாத்தின் பாடு தொடங்கியது. முட்டிவலி என்று தனியாக வந்திருந்தாள். வெற்றிலைச் சிவப்போடு, வெளுத்த சேலை கட்டி, எடுப்பாக இருந்தாள்.

"எப்ப பொறந்தீங்க, ஆச்சி?"

"அது எனக்கு எப்படித் தாயி தெரியும்? பொறந்தன்னைக்கு நான் கைப்பிள்ளைல்லா."

"உங்கம்மா சொல்லியிருப்பாங்களே."

"சோளக்காட்டுல களை எடுத்துக்கிட்டு இருக்கும்போது வலி வந்துச்சுன்னு சொல்லுவா. களை எடுக்குத மாசம்னு போட்டுக்கோ."

"மிஷின்ல களை எடுக்குத மாசம் இல்லையே."

"அப்ப அது என்ன மிஷினு" என்றாள் கருத்தம்மாள்.

வயது கேட்டதற்கு, "அறுவதுக்குக் கீழதான். நீயே பாத்துப் போடு" என்றாள். சம்சாத் அவளை ஒருதரம் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தை அடித்தாள். மாதமும் தேதியும் பாக்கி. பச்சைக்கோடு திரையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வரிசை வராந்தாவைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனையோ விண்ணப்பத்தில் எழுதிப் பழகிய கை, தானாகவே ஐந்து, ஐந்து என்று அடித்தது. மிஷின் ஒரு சத்தமும் போடாமல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

அதற்குப் பிறகு சம்சாத் நிறுத்தவில்லை. சிலர் கோடைமழை என்றார்கள், சிலர் பஞ்சம் என்றார்கள், பிளவக்கல்லில் இருந்து வந்தவர் அணை கட்டும்போது தனக்கு மீசை அரும்பியிருந்ததாகச் சொன்னார். எல்லோரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எல்லோருக்கும் மே ஐந்து அடித்தாள். பழைய கேஸ் ஷீட்டுகளைக் கட்டு அவிழ்த்து ஏற்றும்போதும் அதே தேதி. அரசு வேலைக்காரர்கள், வாத்தியார்கள் மாதிரி சிலர் மட்டும் தேதி சொன்னார்கள். ஒருநாள் முத்து முகம்மது என்று ஒருவர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கேட்டதும் சட்டென்று, "மே அஞ்சு" என்றார். தன்னைக் கேலி செய்கிறாரோ என்று சம்சாத் நிமிர்ந்து முறைத்தாள். அவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

கருத்தம்மாளின் மகன் சங்கிலிப்பாண்டி வந்தது அதற்கு அடுத்து. மாடு தொடையில் குத்தியிருந்தது. அறுபது வயது ஆனவர்கள் வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்று மருத்துவமனையில் போர்டு இருந்தது. சங்கிலிப்பாண்டிக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. ஆனால் இளநரை. தலையும் தாடியும் பஞ்சு மில்லுக்குள் போய்விட்டு வந்த மாதிரி வெள்ளை. வலியைப் பொறுக்க முடியாமல் போர்டைப் பார்த்து, "அறுவது" என்றான். அவன் யார் மகன் என்று சம்சாத்துக்குத் தெரியாது. அறுபதுக்குக் கணக்குப் போட்டு அடித்தாள். அந்த நிமிஷம் மகன் தாயைவிட இரண்டு வயது மூத்தவன் ஆனான்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். டாக்டர் வைகுண்டராஜ் மெட்ராஸில் நடந்த ஏதோ மாநாட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால். அங்கே ஒருவர், வெளிநாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள், அதனால் நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் ஒரு பாசம் உண்டாகிறது என்று பேசியிருக்கிறார். டாக்டர் திரும்பி வரும் வழியிலேயே சிவகாசியில் இறங்கி அட்டை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பக்கம் ரோஜாப்பூ. மறுபக்கம், 'பிறந்தநாள் வாழ்த்துகள். அன்று இந்த அட்டையுடன் வருவோருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கப்படும். கேக் வழங்கப்படும்.' பெயர், விலாசம், நிறைந்த வயது மூன்றையும் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்ட வேண்டும்.

சம்சாத் காலண்டரை எடுத்து மே மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள். ஜனவரியில் ஒருவர்கூட வரவில்லை. பிப்ரவரியில் ஒரு தபால்காரரும் ஒரு ஆசிரியையும் வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். டாக்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மார்ச்சில் சம்சாத் அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், மே மாசம் கொஞ்சம் கூடுதலா இருக்கும்."

"எம்புட்டு?"

"நிறைய சார். அந்தத் தேதியெல்லாம் வந்து..."

"இருக்கட்டுமே. சித்திரையில பிறப்பு கூடத்தான் இருக்கும். ஆடியில சேத்து வச்சா சித்திரையில பிள்ளைன்னுதானே பிரிச்சு வைக்காங்க. நம்ம ஜனங்க எங்க கேக்குது" என்று டாக்டர் அதற்கு மருத்துவக் காரணமே சொல்லிவிட்டார். இன்னொரு நாளும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு அவர், "மிஷின்ல இருக்கிறது மிஷின்ல இருக்கபடியே போகட்டும். நாம கையை வைக்க வேண்டாம்" என்றார். கையை வைக்க நினைத்தாலும் முடியாது. ராத்தூக்கம் கெட்டு அவள் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்திருந்தாள். பெயர் மாறியது, விலாசம் மாறியது, பிறந்த தேதி அசையவில்லை.

ஏப்ரல் கடைசியில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. காலையில் கிர்கிர் என்று ஆரம்பித்த சத்தம் சாயங்காலம் வரை ஓயவில்லை. ஸ்பெஷல் அறைக்கு வெளியே நின்ற ஒரு நோயாளி, உள்ளே தறி போட்டிருக்கிறார்களா என்று விசாரித்தார். மாரிசாமி மடித்து மடித்துக் கை ஓய்ந்து, "யக்கா, இந்த ஊர்ல வேற மாசத்துல யாருமே பொறக்கலையா?" என்று கேட்டான். சம்சாத் அடுத்த அட்டையில் பசையைத் தடவினாள். சாக்கு மூட்டையில் கட்டித்தான் அட்டைகளைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனார்கள். போஸ்ட் மாஸ்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, தேர்தல் வந்துவிட்டதா என்றார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே ஐந்து. டாக்டர் சஃபாரி சூட்டில் வாசலில் நின்றார். அப்துல் ஹமீது பேக்கரியிலிருந்து வெள்ளைக் கிரீம் தடவிய கேக் ஒன்று வந்திருந்தது. மே மாதம் கூடுதல் என்று சொன்னார்களே என்று, வழக்கத்தைவிடப் பெரிதாகச் சொல்லியிருந்தார்.

தேவதானத்திலிருந்து வந்த முதல் டவுன் பஸ் மருத்துவமனை வாசலிலேயே நின்று முழுக்கக் காலியாயிற்று. எல்லோரும் குளித்து, புதுத்துணி உடுத்தி, பெண்கள் தலைநிறையப் பூவோடு இறங்கினார்கள். அதற்குப் பின்னால் டிராக்டர் ஒன்று. அதற்குப் பின்னால் பிளவக்கல்லிலிருந்து ஒரு வேன். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று ஆளுக்கொரு தேங்காய், சீப்பு வாழைப்பழம், மாங்காய் எடுத்துவந்திருந்தார்கள். சிலர் சேவல் கொண்டுவந்தார்கள். மாரிசாமி டாக்டரின் காதருகே போய், "மொய் எழுத ஆள் உக்காரணுமா சார்?" என்று கேட்டான்.

டாக்டர் முன்னால் வந்த பெரியவரின் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இன்னைக்கு உங்களுக்கா பிறந்தநாள்?"

"எனக்கும், எம் பொஞ்சாதிக்கும், எங்க மாமனாருக்கும். எங்க தெருவுல எல்லாருக்கும் இன்னைக்குத்தான். எங்களுக்கே இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சு பாத்துக்கிடுங்க. நீங்க எப்படி விசாரிச்சுக் கண்டுபிடிச்சீக?"

டாக்டர் திரும்பி, சம்சாத் சீட்டு போடும் ஸ்பெஷல் அறை ஜன்னலைப் பார்த்தார். சம்சாத் குனிந்து, கீழே எதையோ தேடுகிற மாதிரி இருந்துகொண்டாள்.

கேக் முதல் பஸ்சோடு முடிந்தது. அப்துல் ஹமீது கடையில் இருந்த பன், வர்க்கி, ரொட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். ரொட்டித் துண்டைக் கையில் வாங்கிய ஒரு கிழவர், "காய்ச்சக்காரனுக்குக் குடுக்கதுல்லா இது. எனக்கு என்ன செய்யுதுன்னு நேராச் சொல்லிருங்க" என்று உட்கார்ந்துவிட்டார். நர்சுகள் பிரஷர் பார்த்தார்கள். பஸ் நெரிசலிலும் வெயிலிலும் வந்தவர்கள், அதிலும் ஊரே ஒரு நாளில் பிறந்திருக்கிறது என்கிற பரபரப்பு வேறு. பிரஷர் ஏறாத ஆளே இல்லை. மயங்கி விழுந்தவர்களைச் சேர்க்கக் கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்தார்கள்.

முத்தாத்தாள் என்கிற பெண் அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினாள். "ஏம்மா, சித்திரையில பொறந்தவன்னு எழுதிட்டியே. சித்திரை அப்பன் தெருவுலன்னு சொல்லுவாக. வீடு விளங்காமப் போனதுக்கு இப்பத்தான் காரணம் கிடைச்சிருக்குன்னு எம் மாமியா காலையிலேருந்து பேசுதா. ஒரு ஆவணிக்கு மாத்திக்குடு, போதும்."

"மாத்த முடியாதும்மா" என்றாள் சம்சாத்.

"உங்க மாமியாருக்கும் இதே தேதிதான். அவங்க அட்டையைக் கேட்டுப் பாருங்க" என்று சேர்த்துச் சொன்னாள். முத்தாத்தாளின் முகம் மலர்ந்தது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் மாமியாரைத் தேடி ஓடினாள்.

சங்கிலிப்பாண்டியும் கருத்தம்மாளும் சேர்ந்து வந்து நின்றபோதுதான் இவர்கள் தாயும் மகனும் என்று சம்சாத்துக்குத் தெரிந்தது. அவன் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்திருந்தான்.

"யக்கா, எங்காத்தாவ விட எனக்கு ரெண்டு வயசு கூட வருது. இதச் செத்தப் பாருங்க."

கருத்தம்மாள் முந்திக்கொண்டாள். "சரியாத்தாம்ல இருக்கும். அம்புட்டு வெலை குடுத்து வாங்குன மிஷினு பொய்யா சொல்லும்? இம்புட்டு நாளு நான் சொன்னத நீ கேட்ட. இனிமே நீ சொல்லுதத நான் கேட்டு நடக்கேன். மொதல்ல எனக்கு ஒரு நல்ல சீலை எடுத்துக்குடு, வா."

மத்தியானத்துக்கு மேல் முத்து முகம்மது வந்தார். அட்டையோடு நகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தது. "எனக்கு நெசமாவே இன்னைக்குத்தான் பொறந்தநாள்" என்று மாரிசாமியிடம் சொன்னார். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க பாய். வரிசையில நில்லுங்க" என்றான் மாரிசாமி. நின்று நின்று அவர் ஜன்னலுக்கு வந்தபோது பன்னும் தீர்ந்திருந்தது. சம்சாத் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கூட்டம் முழுவதிலும் அன்றைக்கு உண்மையாகப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்குத்தான் ஒன்றுமில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது உடைந்து சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வந்து குவிந்த சீர்வரிசையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் ஸ்பெஷல் அறைக்கு வந்து, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"சொல்லு."

"நான்தான் சார் வச்சேன். தேதி இல்லாம மிஷின் நகரமாட்டேங்குது. அவங்களுக்கோ தேதி இல்ல."

"வச்சதுதான் வச்ச, ஆளுக்கொண்ணா மாத்தி மாத்தி வைக்கக் கூடாதா?"

"என்னோட தேதி சார் அது. கை பழகிருச்சு. அதுவும் வாத்தியார் வச்சதுதான்."

டாக்டர் ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதி தின்றார். "எனக்கும் வாத்தியார்தான் வச்சாரு" என்றார். "ஜூன் ஒண்ணு. எங்கம்மாவைக் கேட்டா மார்கழிம்பாங்க." மீதிப் பழத்தையும் தின்றுவிட்டு, அட்டை அனுப்புவதை நிறுத்திவிடலாம் என்றார்.

அட்டையைத்தான் நிறுத்த முடிந்தது. அடுத்த வருஷம் மே ஐந்தில் அட்டை இல்லாமலே ஜனங்கள் வந்தார்கள். பந்தல் போட வேண்டியதாயிற்று. சந்தோஷம், கோபம், சேவல் எல்லாம் போன வருஷம் மாதிரியே. அதற்கடுத்த வருஷம் ஐஸ் வண்டிக்காரரும் ராட்டினக்காரரும் வந்தார்கள். செய்தித்தாளில் ஒரு மூலையில் செய்தி வந்து, அதைப் படித்துவிட்டு ஒரு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வந்தார். இந்த வட்டாரத்தில் பிறப்பு ஏன் ஒரே நாளில் நிகழ்கிறது என்று ஆராயப்போகிறாராம். மலையடிவாரத்துத் தண்ணீர்மேல் அவருக்குச் சந்தேகம். சம்சாத் நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அம்மா, கிடைச்ச தகவலுக்கு நாமளா ஒரு காரணம் கற்பிக்கக் கூடாது. அது ஆராய்ச்சி ஆகாது" என்று சொல்லி, பிளவக்கல் அணையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

முத்து முகம்மது, தேங்காய் வாங்கிக்கொண்டு போன மறுநாளிலிருந்து, காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸை சம்சாத் வந்து ஏறும்வரை கிளம்பவிடுவதில்லை. டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். தொண்ணூற்று ஐந்தில் அசன் முகம்மது விஷயத்தைப் புரிந்துகொண்டு அவர் வீட்டில் போய்ப் பேசினார். நிக்காஹ் பதிவின்போது இரண்டு பேருக்கும் மே ஐந்து என்று பார்த்ததும், இரண்டு வீட்டுக்காரர்களும் இது ஆஸ்பத்திரி வேலை என்றுதான் நினைத்தார்கள். மாப்பிள்ளை சான்றிதழை எடுத்துக் காட்டியும் ஒருவரும் நம்பவில்லை. அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள், ஐப்பசியில்.

அந்தத் தேதி மருத்துவமனையோடு நிற்கவில்லை. வாக்காளர் அட்டைக்கு வயது கேட்டார்கள், ரேஷன் கார்டுக்குக் கேட்டார்கள். ஜனங்களிடம் இருந்த ஒரே அச்சடித்த ஆதாரம் மருத்துவமனையில் கொடுத்த கம்ப்யூட்டர் சீட்டுதான். தாலுகா ஆபீஸில் அதை முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டார்கள். இப்படியாகச் சங்கிலிப்பாண்டிக்கு முதியோர் பென்ஷன் வந்தது. கருத்தம்மாளின் மனுவைத் திருப்பிவிட்டார்கள். அவளுக்கு இன்னும் அறுபத்தைந்து நிறையவில்லை. தவிர, காப்பாற்ற மகன் இருக்கிறான். சங்கிலிப்பாண்டிக்கோ பிள்ளை கிடையாது.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் கருத்தம்மாள் ஜன்னலில் வந்து நின்றபோது, பென்ஷனுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று சம்சாத் நினைத்தாள். முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று, "ஆச்சி, என்னால அதை மாத்த முடியலயே" என்றாள்.

"எதத் தாயி?"

"உங்க வயச."

"அத எதுக்கு மாத்தணும்? நான் நல்லாத்தான இருக்கேன்." கருத்தம்மாள் பின்னால் கையைக் காட்டினாள். பெஞ்சில் சங்கிலிப்பாண்டி உட்கார்ந்திருந்தான். வேனல் காலத்திலும் குளிருக்குக் கட்டுகிற மாதிரி காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துண்டு. கையில் கம்பு வேறு வைத்திருந்தான். "இவனத்தான் கூட்டியாந்தேன். நெதம் வெயில்ல ஆட்டுக்குப் பின்னால போறான், சொன்னாக் கேக்க மாட்டேங்கான். வயசான காலத்துல தனியா விட முடியுமா? ஒரு பிரஷர் பாத்து அனுப்பு."

சங்கிலிப்பாண்டிக்கு அப்போது ஐம்பது வயது நடந்துகொண்டிருந்தது. சம்சாத் அவன் பெயரை அடித்து, சீட்டை எடுத்துக்கொண்டு, அறுபது தாண்டியவர்கள் பக்கமாக வரச் சொன்னாள். அவன் ஒரு கையைக் கம்பில் ஊன்றி, மறு கையால் ஆத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து வந்தான்.